கம்ப்யூட்டருக்குள் ஓடிய சிவப்புத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், மைசூரில் ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, திரும்பினால் சுவரில் இடிக்கிற மாதிரி ஒரு சமையலறை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே கதவு என்று பெயருக்கு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் உப்பிப்போனதை ஆள் வைத்து இழைத்துத் தருகிறேன் என்று ஓனர் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். அது பாதிக்கு மேல் மூடாது. இந்தக் கதவை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சண்டையெல்லாம் அந்தக் கதவின் இடுக்கு வழியாகத்தான் வந்தது.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு நைட் டியூட்டிதான். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு படுத்தால் சாயங்காலம் எழுந்திருக்க வேண்டும். அதுதான் என் ராத்திரி. என் கணவருக்கு வீட்டிலேயே வேலை. இனிமேல்தான் கட்டப் போகிற வீடு, ஹோட்டல், கல்யாண மண்டபம் இதையெல்லாம் கட்டி முடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பார். வாசல் வழியாக உள்ளே போய், மாடிப்படி ஏறி, பால்கனியில் நின்று பார்க்கிற மாதிரி எல்லாம் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நிமிஷப் படத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் மூச்சு முட்ட ஓட வேண்டும்.

அதுவும் சாதாரணமாக ஓடவில்லை. புது மெஷின் வாங்க அப்போது வழியில்லாததால், இருக்கிறதையே அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட விட்டிருந்தார். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயராம். ஒரு ஆளிடம் இரண்டு ஆள் வேலையை வாங்குவது என்று விளக்கினார். அப்படிப் பார்த்தால் எங்கள் டிபார்ட்மென்ட்டில் எல்லோருமே ஓவர்கிளாக்தான் என்று சொன்னேன். சிரித்தார். அப்போதெல்லாம் இதற்குச் சிரிக்கிற தெம்பு இரண்டு பேருக்குமே இருந்தது.

வெயில் ஏற ஏற அந்தச் சிரிப்பு போய்விட்டது. மெஷின் சூடாகும், உடனே உள்ளே இருக்கிற விசிறிகள் பிடித்துக்கொண்டு கத்தும். ஒரே மாதிரி கத்தினால்கூட காது பழகிவிடும். இது ஏறும், இறங்கும், சட்டென்று உச்சத்துக்குப் போகும், திடீரென்று அடங்கும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் வார்டில் அலாரம் அடித்த மாதிரி தூக்கிவாரிப் போடும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், தலையணையைத் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் பொட்டுத் தூக்கம் கிடையாது.

அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. காலையில்தான் ஆர்கிடெக்ட்கள் போன் பண்ணி, சுவருக்கு வேறு கலர் மாற்று, சன்னலைப் பெரிசாக்கு என்பார்கள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். நான் தூங்கும் நேரம்தான் அவர் மெஷினுக்கு உச்சி நேரம்.

ஒருநாள் டியூட்டியில் நின்றபடியே என் கண் சொக்கிவிட்டது. ஒரு நொடிதான் இருக்கும். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா முழங்கையால் இடித்தாள். வேறு டிபார்ட்மென்ட் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு மறந்திருப்பேன். எங்களிடம் அப்படி இல்லை. நோயாளியின் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குள் திரும்பப் போகும். நாலு மணி நேரம் அது நம் கண் முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். கண் அசந்த அந்த ஒரு நொடிக்குப் பிறகு விடியும்வரை நான் உட்காரவே இல்லை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, என்னால முடியலீங்க. இப்படியே போனா யாரோட உசுருக்காச்சும் என் கையால ஆபத்து வந்துரும்."

பெங்களூரில் ஒரு கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அங்கே ஆபீஸில் பெரிய மெஷின்கள் உண்டு. ஆனால் அங்கேயே தங்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும்தான் மைசூர். மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் எழுந்து வந்தபோது, "நா பெங்களூருக்கே போயிடறேன். நீயாவது நிம்மதியா தூங்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் பாவமாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கௌதள்ளிப் பக்கத்துப் பெண். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நாலு பேர் சத்தத்தில் வளர்ந்தவள். வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகவா கல்யாணம் பண்ணிக்கொண்டேன்?

அதற்கடுத்த வாரம் வீட்டுக்குப் பார்சல்கள் வர ஆரம்பித்தன. ஒரு குட்டி பம்ப், கண்ணாடி மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி, காரில் இருக்கிற மாதிரி ஒரு ரேடியேட்டர், குழாயை மாட்டுகிற பித்தளைத் திருகுகள், குழாய். என்னுங்க இது, வீட்டுக்குள்ள போர் போடப் போறீங்களா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்குத் தண்ணி விடப் போறேன். ஒந்து தடவ ட்ரை பண்றேன். ஆகலைன்னா பெங்களூருக்கு சரின்னு சொல்லிடறேன்" என்றார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தாத்தா ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம் தானாக உள்ளே புகுந்துவிடும்.

விஷயம் இதுதான். சூட்டைக் காற்றால் விரட்டினால்தானே சத்தம்? அதற்குப் பதிலாகச் சூடாகிற சில்லுகளின் மேல் தகட்டுப் பெட்டி ஒன்றை உட்கார வைத்து அதற்குள் தண்ணீரை ஓட விட்டால், தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே பெரிய விசிறிகள் மெதுவாகச் சுற்றினாலே போதும், தண்ணீர் ஆறிப்போய்த் திரும்பி வரும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதாம். ஆனால் இவர் மெஷினில் இரண்டு இடம் கொதிக்கும். இரண்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் போக வேண்டுமென்றால் நாமே அளந்து, வெட்டி, பொருத்தித்தான் ஆக வேண்டுமாம். கரண்ட் ஓடுகிற இடத்தில் தண்ணீரா என்று கேட்டேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அவர் பிழைப்பே போய்விடும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் செய்தார்.

முதலில் கெட்டியான குழாயைச் சூடுகாட்டி வளைக்கப் பார்த்தார். ஒன்று நசுங்கியது, ஒன்று கருகியது, ஒன்று புடலங்காய் மாதிரி கோணிக்கொண்டது. வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "ஏனு சுட்டு ஹோயித்து?" என்று, எது கருகிப்போனது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அதோடு அதை விட்டுவிட்டு, வளைகிற மெத்துக் குழாய் வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற நிறமில்லாத குழாய்.

இனி நான் சொல்ல வந்த காலை நேரத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவுக்குக் குண்டலுபேட்டையிலிருந்து ஒரு பெண் வருவாள். என் வயதுதான் இருக்கும். செண்டுமல்லி வியாபாரம். பகலெல்லாம் மண்டியில் நிற்க வேண்டும் என்பதால் ராத்திரி ஷிப்டுதான் கேட்டு வாங்கிக்கொள்வாள். தமிழும் கன்னடமும் கலந்து வாய் ஓயாமல் பேசுகிறவள். ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். இவ்வளவு சத்தத்தில் எப்படித்தான் தூக்கம் வருதோ என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"அய்யே, சத்தம் இருக்கறதாலதான் சிஸ்டர் தூங்கறேன். நின்னா முழிச்சுக்குவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்றைக்கு விடியப் போகிற நேரம். ஏ.சி. குளிருக்கு அவள் போர்வையைக் கைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள் போலிருக்கிறது. ஊசி போட்ட கை எப்போதும் வெளியே தெரிய வேண்டும் என்பது எங்கள் சட்டம். நான் சுற்றி வரும்போது வெள்ளை விரிப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. போர்வையை விலக்கினேன். ஊசி நழுவி, படுக்கையெல்லாம் ரத்தம். பம்ப்பை நிறுத்தி, குழாயை நெரித்துப் பிடிக்கிற கிளாம்ப்பைப் போட்டு, கையை அழுத்திப் பிடித்து, அக்காவைக் கூப்பிட்டு, டாக்டர் ஓடி வந்து... எல்லாம் சில நிமிஷங்கள்தான். பிழைத்துவிட்டாள். பம்ப்பை நான் நிறுத்தினேன் இல்லையா, அந்த நொடியே கண்ணைத் திறந்து பார்த்தாள். "சத்தம் நின்னுச்சு சிஸ்டர்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த விரிப்பே கண்ணுக்குள் நிற்க வீடு வந்து சேர்ந்தேன். மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தேன். ஹாலில் சன்னல் திரை மூடியிருந்தது. மேஜை மேல் திறந்த பெட்டி. பெட்டிக்குள் அந்தக் குழாய்கள். குழாய்களில் சிவப்பாக, ரத்தச் சிவப்பாக, என்னமோ சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கீழே பரப்பியிருந்த வெள்ளை டிஷ்யூ பேப்பரில் சிவப்புப் பொட்டுகள். நான் பார்க்கப் பார்க்கவே இன்னொரு சொட்டு விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்து போய்க் குழாயை இரண்டாக மடக்கி விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"பம்ப்ப நிறுத்து! கிளாம்ப் குடு! சீக்கிரம்!"

அவர் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகப் பாத்ரூமிலிருந்து ஓடி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவேன். இப்படி அதட்டினதே இல்லை. மிரண்டுபோய் ஸ்விட்சை அணைத்தார். பம்ப் நின்றது. நான் அப்போதும் குழாயை விடவில்லை. என் கட்டைவிரல் வெளுத்துப்போய்விட்டது. "கிளாம்ப் இல்லமா நம்ம வீட்டுல" என்று நுரையோடு அவர் சொன்ன பிறகுதான், இது ஆஸ்பத்திரி இல்லை, வீடு என்பதே எனக்கு உறைத்தது.

முதலில் சிரித்தேன். பெரிசாகச் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அப்புறம் என் சிரிப்பு எங்கேயோ போய் வேறாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் ஓவென்று அழுதேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சும்னே அழாத... ஏனாயித்து, சொல்லு" என்றார். சொன்னேன். குண்டலுபேட்டைக்காரியைச் சொன்னேன், விரிப்பைச் சொன்னேன், அவள் கை எவ்வளவு சில்லென்று இருந்தது என்று சொன்னேன். அதோடு நிற்கவில்லை. அதற்கு முன்னால் நடந்தது, அதற்கும் முன்னால் நடந்தது, கல்யாணத்துக்கு முன்பு நடந்தது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் வீட்டுக்கு வந்து நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தூக்கம் வருகிறது. ராத்திரி என்ன பார்த்தேன் என்று நானும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று விட்டுவிட்டாராம்.

கடைவாயில் பற்பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்க, அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எனக்கு இது கொத்தே இல்லமா" என்றார். தெரியாமலே இருந்துவிட்டேனே என்கிறார்.

சிவப்பை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். நீலம், பச்சை எல்லாம் கிடைக்கும்தானே?

"உனக்குப் புடிச்ச கலர்னு வாங்கினேன்" என்றார். என் கூரைப்புடவை அந்தச் சிவப்பு. நான் மறந்தே போயிருந்தேன். இந்த மனிதர் ஒரு மெஷினுக்குள் ஊற்றுகிற தண்ணீருக்குக்கூட என் கலரைத் தேடியிருக்கிறார். நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை வேறு அழுகை.

நல்லவேளை, அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது பம்ப் மட்டும்தான். கசிகிறதா என்று பார்ப்பதற்காக மற்றதுக்கெல்லாம் கரண்ட் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் ஒருநாள் முழுக்க ஓட விடுவார்களாம். அதற்குத்தான் அந்த டிஷ்யூ பேப்பரும். திருகுக்குள் இருக்கிற ரப்பர் வளையம் ஒன்று கோணலாக உட்கார்ந்திருந்தது. கசிவுக்குக் காரணம் அதுதான். அவருக்குச் சரி பண்ண ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அவர் முழுவதையும் கழற்றினார். சிவப்பையெல்லாம் வாளியில் வடித்தார். குழாய், தொட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழுவினார், திரும்பக் கழுவினார். கழுவக் கழுவ ரோஸ் கலராக வந்துகொண்டே இருந்தது. "அந்த கலர் இனிமே இந்த மெஷின்ல பேட, வேண்டவே வேண்டாம்" என்றார். துளி நிறம் இல்லாமல் தெளிந்து வரும்வரை அவர் பாத்ரூமைவிட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு மெஷின் கத்தாததால் நான் பகலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

மறுநாள் எனக்கு வீக்லி ஆஃப். அவர் பேட்டரிக் கடையில் போய் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து, பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தைச் சொட்டு விட்டு ஊற்றினார். கசிவு இல்லை. ஆனால் பம்ப் ஓடினால் கொரகொரவென்று ஒரு சத்தம். பழைய விசிறியே பரவாயில்லை என்கிற மாதிரி. குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். மத்தியானம் வரை மல்லுக்கட்டினார். கடைசியில் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தார். "இது ஆகாது. பெங்களூருக்குச் சொல்லிடறேன்" என்றார். மாதம் முடிய அதிக நாள் இல்லை.

நான் அதுவரை சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எனக்குச் சிரிப்பு வந்தது. குழாய், பம்ப், நடுவில் ஒரு வடிகட்டி மாதிரி ஒன்று, காற்று போய்ச் சேருகிற தொட்டி! தினமும் ராத்திரி என் கை செய்கிற வேலைதானே இது? ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் குழாயில் இருக்கிற காற்றை ஒரு குமிழி மிச்சமில்லாமல் வெளியேற்றின பிறகுதான் ஊசியைத் தொடுவோம்.

"சித்த நேரம் போனைக் கீழ வைங்க. நா சொல்ற மாதிரி புடிங்க" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை அவர் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தார். நான் உள்ளங்கையால் ரேடியேட்டரைத் தட்டினேன். பொடிப் பொடியாகக் குமிழிகள் கிளம்பின. குழாயை நசுக்கி, விட்டு, நசுக்கி, விட்டு மேலே ஏற்றினேன். இப்போது இந்தப் பக்கம், இப்போது அந்தப் பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல, பால் குடித்த குழந்தையை ஏப்பம் விட வைக்கிற மாதிரி இரண்டு பேரும் அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கித் தூக்கிச் சாய்த்தோம். நடுநடுவே கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்; தொட்டியில் தண்ணீர் இறங்கும்; அவர் ஊற்றுவார்; மறுபடியும் தட்டுவேன். அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கடைசியில் ஒரு பெரிய குமிழி, பிடிவாதம் பிடித்துக்கொண்டு வளைவிலேயே உட்கார்ந்திருந்தது, மெல்ல நகர்ந்து ஏறித் தொட்டிக்குள் போய் 'ப்ளக்' என்று உடைந்தது. கொரகொரப்பு நின்றது.

"ஆயித்து! ஆயித்து!" என்று அவர் குதித்த குதியில் கீழ்வீட்டு அம்மா மறுபடியும் மேலே வந்துவிட்டார்.

ஒருநாள் முழுக்கக் கசிவு பார்த்துவிட்டு அப்புறம் மெஷினுக்கு உயிர் கொடுத்தார். பழைய ஓவர்கிளாக் வேகம்தான். ஒரு ஹோட்டல் படத்தை ஓட விட்டார். திரையில் சூட்டைக் காட்டுகிற எண் ஏறவில்லை. பெரிய விசிறிகள் சோம்பேறித்தனமாகச் சுற்றின. நான் காதைப் பெட்டியிடம் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தைக் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் டியூட்டி முடிந்து வந்து படுத்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. சுவரில் பல்லி கத்துவது கேட்டது, தெருவில் 'சொப்பு, சொப்பு' என்று கீரை விற்கிறவன் குரல் கேட்டது. கண் செருகியது. செருகின அடுத்த நொடி திடுக்கிட்டு எழுந்து ஹாலுக்கு ஓடினேன். பம்ப் நின்றுவிட்டது! இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் சுற்றுவது தெரிந்தது. அவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார். திரும்பிப் போய்ப் படுத்தேன். மறுபடியும் கண் செருகியது. மறுபடியும் பதறி எழுந்தேன். அன்று சாயங்காலம் வரை இதே கூத்து. அதற்கு மறுநாளும் அப்படியே.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. சத்தம் போட்டால் தூக்கமில்லை, சத்தம் இல்லாவிட்டாலும் தூக்கமில்லை என்றால் எந்த மனிதனால் என்னோடு குடித்தனம் பண்ண முடியும்? இவ்வளவு பாடுபட்ட மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது? நன்றாகத் தூங்கினேன் என்று பொய் சொல்லிவிட்டு, கண் எரிச்சலோடு டியூட்டிக்குப் போனேன். பெங்களூர்க்காரர்களுக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது வேறு மனதை அரித்தது. வரவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று நானே சொல்ல வேண்டி வருமோ என்று பயந்தேன்.

மூன்றாவது நாள் பிடிபட்டேன். மூடாத அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிவிட்டார்.

"தூங்கலயா நீ?"

இனி மறைக்க முடியாது. "சத்தமே இல்லீங்க" என்றேன்.

"அதுக்குத்தானே இவ்ளோ பண்ணினோம்?"

"தெரியுதுங்க. ஆனா எங்க வார்டுல பம்ப் சத்தம் நின்னா ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். அலாரம் அடிக்கறதுக்கு முன்னாலயே எங்க காதுக்குத் தெரிஞ்சுரும். கண்ணை மூடுனா என் காது அதைத்தான் தேடுது. இல்லைன்னதும் தூக்கி எழுப்பிடுது. நா என்னங்க பண்ணட்டும்?" பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாரோ என்று இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பைத்தியம் என்றும் நினைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மெஷினை நிறுத்தி, பம்ப்புக்குக் கீழே அதிர்வு கேட்காமல் இருக்க வைத்திருந்த பஞ்சு மெத்தையை உருவி எடுத்தார். திரும்ப ஓட விட்டுவிட்டு, "போய்ப் படு. நா கேக்கறேன், நீ உள்ள இருந்து சொல்லு" என்றார்.

படுத்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது. "இப்ப?"

"கேக்கலீங்க."

பம்ப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார் போலிருக்கிறது. "இப்ப?"

"லேசா... இன்னுங் கொஞ்சம்."

"இப்ப?"

கேட்டது. தூரத்தில் யாரோ வாய் திறக்காமல் 'ம்ம்ம்' என்று சொல்லிக்கொண்டிருப்பது போல ஒரே சீராக, ஏறாமல், இறங்காமல். "இதுதாங்க. இப்படியே விட்டுருங்க" என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லி முடித்தேனா என்று தெரியாது.

கண் விழித்தபோது நன்றாக இருட்டியிருந்தது. எழுந்துவிடுவேன் என்று அவர் ஒரு விளக்கைக்கூடப் போடவில்லை. திரை வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் போட்டு மூடி வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான் குதித்தபோது, ஆஸ்பத்திரி சீனியர் அக்காவிடம் போனில் பேசிவிட்டதாகவும் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்று அவள் சொன்னதாகவும் சொன்னார். அதோடு, பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதையும் ஏதோ பால் வாங்கிவந்த செய்தி மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த ஆறிப்போன டீயை நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இப்போது கதவை இழைத்தாகிவிட்டது, நன்றாக மூடும். ஆனால் நாங்கள் மூடுவதில்லை. ஆயுத பூஜைக்கு அவர் பெட்டிக்குப் பூ வைத்தால், நான் தனியாக அந்தப் பம்ப்புக்கு மட்டும் சந்தனம் வைத்துப் பொட்டிடுவேன். அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் அவருக்குப் போன் போடுவேன். என்ன ஏது என்று கேட்கவே மாட்டார், போனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். இப்போதெல்லாம் காலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அவரிடம் ராத்திரி நடந்ததைச் சொல்வேன், அப்புறம்தான் தூக்கம்.

அந்தக் குண்டலுபேட்டைப் பெண் இன்னும் எங்களிடம்தான் வருகிறாள். கையைப் போர்வைக்குள் மறைப்பதில்லை. ஒரு வித்தியாசம், அவள் கண்ணை மூடுகிற நேரத்தில் நான் என் நாற்காலியை அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். போன வாரம்கூட அரைத்தூக்கத்தில், "சத்தம் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள். இருக்கு, தூங்கும்மா என்றேன். அன்று அவள் சொன்னதை விளையாட்டு என்று சிரித்தவள் நான். நமக்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்பது காதுக்குத் தெரிந்தால் போதும், தூக்கம் தானாக வந்துவிடும் என்பதை எனக்குப் புரிய வைக்க என் வீட்டுக்காரர் ஒரு மெஷினுக்குள் தண்ணீர் ஓட விட வேண்டியிருந்தது.